கழுத்தடியில் ஒரு சூடு

என் வீட்டுக்காரருக்கு ஐஸ் கம்பெனியில் வேலை கிடைத்தபோது கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கே வயிறு எரிந்தது. எழுபதுகளின் ஆரம்பம் அது. அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பட்டறை வேலைக்குப் போனவர்கள் எல்லாம் உலைப் பக்கத்தில் வெந்து, சாயங்காலம் கருவாடாகத் திரும்புவார்கள். இவர் மட்டும் கத்திரி வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், கனத்த கதவு ஒன்றைத் திறந்து குளிருக்குள் நுழைந்துவிடுவார். ஐஸ் கம்பெனி என்று நாங்கள்தான் சொல்லுவோம். அங்கே ஐஸ் ஒன்றும் செய்யவில்லை. அது குளிர் கிடங்கு. உருளைக்கிழங்கு மூட்டை, ஆப்பிள் பெட்டி, வெண்ணெய் டின், பின்னால் தனி அறையில் கப்பலேறப் போகிற இறால். அவற்றை உள்ளே அடுக்குவதும் வெளியே எடுப்பதும்தான் அவர் வேலை.

"உம் புருசன் ஊட்டிக்கு வேலைக்குப் போயிகினு கீறான், நாம இங்க வடாமாட்டம் காய்றோம்," என்று பக்கத்துப் போர்ஷன் அக்கா கிண்டல் செய்வாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். நல்ல மனசு, ஆனால் வாய் சும்மா இருக்காது. "பாத்துகினே இரு, ஆறு மாசத்துல சதை போட்டு சட்டை பட்டன் தெறிக்கப் போவுது."

சதை போடும் என்று அக்கா சொன்னது மட்டும் கேலிக்காக இல்லை. உடம்பில் சூடு ஏறினால் ஆள் இளைப்பான், குளிர்ச்சியாக இருந்தால் சதை பிடிப்பான் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்பினோம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் 'ஒல்லியா கீதே பொண்ணு' என்று இழுத்தபோது, "சூட்டு ஒடம்பு, வெந்தயம் குடுத்தா சரியாப்பூடும்" என்று சொல்லித்தான் என் அம்மா சமாளித்தாள். அப்படி இருக்க, நாள் முழுக்கக் குளிரில் நிற்கிற மனுஷன் குண்டாகாமல் வேறு என்ன ஆவான்? தீபாவளிக்கு என்று முன்கூட்டியே அவருக்குச் சட்டை தைக்கக் கொடுத்தபோது, இடுப்பில் கொஞ்சம் தாராளமாக வெட்டும்படி டெய்லரிடம் நானே சொன்னேன்.

முதலில் வந்தது பசி. அப்பப்பா, என்ன பசி! காலையில் ஒரு தட்டுச் சோறு, மதியத்துக்கு ஒரு தூக்கு, வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவுவதற்கு முன்னாடியே "இன்னாமே கீது?" என்ற கேள்வி. இது போதாதென்று கம்பெனியிலும் தின்பார்கள். ஒரு லாரி சரக்கை உள்ளே அடுக்கி முடித்ததும் எல்லோரும் வெளியே வந்து பத்து நிமிஷம் வெயிலில் முதுகைக் காட்டி நிற்பார்களாம். எதிர்க் கடையில் சுடச்சுட மசால்வடை, வேர்க்கடலை உருண்டை, டீ. அப்புறம்தான் மறுபடி கதவைத் திறப்பார்கள். "இங்க வேலை செய்றவன் வவுறு காயக்கூடாது மச்சான்" என்று கூட வேலை செய்கிற மூத்த ஆள் ஒருவர் முதல் நாளே சொல்லிவிட்டாராம். நான் சிரிப்பேன். "பானையோட தூக்கி வாயில கவுத்துக்கயேன்யா" என்பேன். அவரும் சிரிப்பார். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

ஆனி மாதம் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்காக நூம்பலில் அம்மா வீட்டுக்குப் போனேன். ஆவணிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்தபோது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், துணிச் சுருளுக்குள் இருந்த குழந்தையைப் பார்த்தேனே தவிர அவரை நான் சரியாகப் பார்க்கவில்லை. ஐப்பசி பிறந்ததும் எங்களை அழைத்துப் போக வந்தார். வாசலில் நின்றவரை முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை.

கன்னம் ஒட்டிப் போயிருந்தது. காறை எலும்பு இரண்டும் தூக்கிக்கொண்டு நிற்க, அதற்கு மேலே இரண்டு பக்கமும் குழி. நான் தாராளமாகத் தைக்கச் சொன்ன சட்டை கொடியில் காய்கிறாற்போல் தொங்கியது. வீட்டுக்கு வந்து அவர் சட்டையைக் கழற்றியபோது பார்த்தேன், இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்த அரைஞாண் கயிறு நழுவி இடுப்பெலும்புக்குக் கீழே கிடந்தது.

எனக்கு இந்த இளைப்பு புதுசு இல்லை. என் அப்பா நூம்பலில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். எனக்கு ஏழு வயசு இருக்கும்போது இப்படித்தான் இளைத்தார். முதலில் கன்னம், அப்புறம் காறைக் குழி, அப்புறம் சாயங்காலம் ஆனால் ஒரு காய்ச்சல். டி.பி. என்று சொல்லிவிட்டார்கள். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் ஓலைத் தடுப்பு கட்டி அவரை அதற்குள் விட்டார்கள். தனி அலுமினியத் தட்டு. சோற்றைக் கொண்டுபோய்த் தள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடி வர வேண்டும், அது என் வேலை. ஓடுகிறபோது பின்னால் இருந்து "கண்ணு" என்று ஒரு குரல் வரும். நான் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

இப்போது அதே குழிகள் என் வீட்டுக்காரரின் கழுத்தடியில். மறுநாள் சாயங்காலம் அவர் வேலைவிட்டு வந்ததும், ஏதோ தூசி தட்டுகிறவள் மாதிரி அவர் மேல் கையை வைத்துப் பார்த்தேன். கை, காது, மூக்கு நுனி எல்லாம் சில்லிட்டுக் கிடந்தன. ஆனால் கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில், அந்தக் குழியில், கணகணவென்று சூடு. அடுத்த நாளும் பார்த்தேன். அதே இடம், அதே சூடு. உள்ளுக்குள் காய்ச்சல் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அக்காவிடம்தான் போனேன். வேறு யாரிடம் போவது?

"இருமுதா?" என்றாள்.

"இல்ல."

"ரத்தம்?"

"ஐயோ, இல்லக்கா. நல்லா துன்றாரு. துன்றது எங்க போவுதுன்னே தெரியல."

அக்கா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே யோசித்தாள். "சூடுதாண்டி. உள்ள நெருப்பு எரிஞ்சிகினு கீது. துன்ற சோத்தயெல்லாம் அது எரிச்சிடுது. வடை, டீ, கருவாடு எல்லாம் சூடு. வெளிய ஐஸு, உள்ள சூட்டுப் பண்டம், ஒடம்பு தாங்குமா? இப்பவே அணைச்சாத்தான் உண்டு. உட்டேன்னு வெச்சிக்க, நெஞ்சுல போயி ஒக்காந்துக்கும். அப்பால டி.பி.தான்."

உள்ளே நெருப்பு எரிகிறது என்று அக்கா சொன்னாளே, அது அத்தனையும் உண்மை. பின்னால் டாக்டரம்மா வாயால் கேட்டபோதுதான் எனக்கு அது விளங்கியது. அப்போது எனக்குக் காதில் விழுந்தது டி.பி. என்ற ஒரு சொல் மட்டும்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று அவரிடம் கெஞ்சினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "படத்துல எதுனா தெரிஞ்சிதுன்னு வெய்யி, கம்பெனில உள்ள உட மாட்டான். சும்மா கெடமே." உண்மையைச் சொன்னால், அவர் மறுத்ததும் எனக்கு ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது. படத்தில் தெரியாத வரைக்கும் அது இல்லை என்று இருக்கலாம் அல்லவா? பயம் மனுஷியை எவ்வளவு முட்டாளாக்கும் என்பதற்கு நான்தான் சாட்சி. டாக்டரிடம் போகாமல் நானே டாக்டர் ஆகிவிட்டேன்.

நெருப்பை அணைக்கிற வேலையை அன்றே ஆரம்பித்தேன். விடியற்காலை வெறும் வயிற்றில் ஊறவைத்த வெந்தயம். காலையில் பழைய சோறும் நீர் மோரும். மதியத்துக்குத் தூக்கில் மோர்ச் சோறு, சுரைக்காய் அல்லது பூசணிக்காய். சனிக்கிழமை தலை நிறைய எண்ணெய் வைத்துப் பச்சைத் தண்ணீரில் முழுக்கு. கறி, முட்டை, கருவாடு, எள், வேர்க்கடலை, வெல்லம், டீ எதுவும் கிடையாது. நானும் அவரோடு சேர்ந்து விட்டுவிட்டேன், பிள்ளைக்குப் பால் கொடுக்கிற உடம்பு என்றுகூடப் பார்க்கவில்லை.

ஆனால் கம்பெனி வாசலில் அந்த வடைக் கடை இருக்கிறதே! நான் பின்னாலேயே போய்க் கையைப் பிடிக்க முடியுமா? ஒரு நாள் காலை அவர் கிளம்புகிற நேரம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் எதிரில் நின்றேன். அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்துக் குழந்தையின் தலைமேல் வைத்தேன்.

"வெளிய ஒண்ணும் துன்ன மாட்டேன், ஊட்ல குடுக்கறதத்தான் துன்னுவேன்னு புள்ள தலைல அட்ச்சி சொல்லு."

அவர் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். "இன்னாமே இது, உச்சிகூட இன்னும் மூடல. இதும் மேலயா சத்தியம் வாங்குவ?"

"சொல்லுய்யா. எனக்கு நீ வேணும். சொல்லு."

குழந்தையின் உச்சிக்குழி அவர் உள்ளங்கைக்குக் கீழே துடித்துக்கொண்டிருந்திருக்கும். "சரி. சத்தியம்," என்றார். எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளையின் தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறினால் அந்தப் பிள்ளை மண்ணுக்குப் போகும் என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அது தெரிந்துதான் நான் அந்தச் சத்தியத்தைக் கேட்டேன்.

அந்த மாசங்களில் அவர் தன் பெண்ணைத் தொட்டது அதுதான் கடைசி. அதற்குப் பிறகு நான் தொட விடவில்லை. தூங்குகிறது என்பேன், இப்போதுதான் பால் குடித்தது என்பேன். அவருடைய டம்ளரின் அடியில் ஆணியால் சின்னதாக ஒரு கீறல் போட்டு வைத்தேன், தட்டிலும் அப்படியே. மற்ற பாத்திரத்தோடு கலந்துவிடக் கூடாது என்ற பயம். வாயைத் திறந்து சொல்ல எனக்கு நெஞ்சு இல்லை. ஒரு நாள் அவர் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைத் தலைகீழாகத் திருப்பி அந்தக் கீறலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். அன்று முதல் தன் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தார், பாயை எடுத்துக்கொண்டு முற்றத்தில் போய்ப் படுத்தார். ஐயோ, அவரும் அதைத்தான் நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர் அந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

கார்த்திகை பாதியில் ஒரு மாற்றம் தெரிந்தது. சாயங்காலம் கழுத்தடியில் கை வைத்தால் அந்தச் சூடு குறைந்திருந்தது. அடுத்த வாரம் இன்னும் குறைந்தது. அப்புறம் அங்கேயும் மற்ற இடத்தைப் போலவே சில்லென்று ஆகிவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன். என் வைத்தியம் பலித்துவிட்டது, காய்ச்சல் இறங்கிவிட்டது என்று அக்காவிடம் போய்ப் பெருமை அடித்துக்கொண்டேன். பாவி நான்.

ஆள் மட்டும் தேறவில்லை. முன்பெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் உடம்பு நடுங்கும். இப்போது அந்த நடுக்கமும் நின்றுவிட்டது. பேச்சு குறைந்துபோனது. கேட்டதற்கு மெதுவாக, நாக்கு தடித்தவர் போலப் பதில் சொல்வார். பசிக்கிறது என்று சொல்வதைக்கூட விட்டுவிட்டார். வைத்ததைத் தின்பார், தட்டைக் கழுவுவார், பாயைத் தூக்கிக்கொண்டு போவார்.

மார்கழியில் ஒரு நாள் மதியம், மூன்று மணி இருக்கும். நான் குழந்தையின் துணியை அலசிக்கொண்டிருந்தேன். அந்த மூத்த ஆள் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். கோணிச் சாக்கில் தைத்த கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார், பனி உருகி அதன் நுனி இன்னும் ஈரமாக இருந்தது.

"தங்கச்சி, கொயந்தைய யார்கிட்டயாவது குட்துட்டு வா. ஒண்ணும் பயப்படாத. வா."

பயப்படாதே என்று யாராவது ஓடி வந்து சொன்னால் அதைவிடப் பயம் வேறு இல்லை. குழந்தையை அக்கா மடியில் போட்டுவிட்டு அவருடைய சைக்கிள் பின்னால் உட்கார்ந்தேன். தொழிலாளர்களுக்கான ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் மூச்சிரைக்க அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

இறால் லாரி ஒன்று நேரம் தப்பி வந்திருக்கிறது. கப்பல் சரக்கு, நிறுத்த முடியாது. பின்னால் இருக்கிற உறைய வைக்கிற அறைக்குள் வெளியே வராமலேயே வேலை செய்திருக்கிறார்கள். இவருடைய கையில் இருந்து பெட்டி இரண்டு தடவை நழுவியிருக்கிறது. அப்புறம் இவர் நின்ற இடத்திலேயே நின்று, சாக்குக் கோட்டைக் கழற்றியிருக்கிறார். அதற்கப்புறம் சட்டையை.

"இன்னா மச்சான் பண்றேன்னு கேட்டேன். 'ரொம்ப வெக்கையா கீதுபா'ன்னு சிரிக்கிறான். நானும் வெளாட்டுக்குன்னு நெனச்சி சிரிச்சிட்டேன் தங்கச்சி. அப்பால பாத்தா, வெறும் ஒடம்போட ஐஸ் பொட்டி மேல ஒக்காந்துகினு கண்ண மூடறான்."

அவர் நிறுத்தவில்லை.

"வெயில்ல கொணாந்து போட்டு, டீயும் முட்டையும் வாங்கியாந்து வாயாண்ட வெச்சேன். பல்ல கட்சிகினு தொறக்கவே மாட்டேன்றான். ரெண்டு மாசமா இதே கதை. நாங்க துன்னும்போது தள்ளிப் போயி நின்னுக்குவான். ஒரு வாட்டி அவன் கைல வடைய திணிச்சேன். கொஞ்ச நேரம் மோந்து பாத்துகினு இருந்தான், அப்பறம் என் கைலயே திருப்பிக் குட்துட்டான். புள்ள தலைல சத்தியமாம்."

மோந்து பார்த்தார் என்று சொன்னார் பாருங்கள், அந்த இடத்தில் நான் சைக்கிளில் இருந்து விழப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் அவரைக் கம்பளியில் சுற்றி வைத்திருந்தார்கள். உதடு நீலமாக இருந்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. நெஞ்சைப் படம் எடுத்தாகிவிட்டது என்றார் டாக்டரம்மா. நடு வயசு, கண்ணாடி, சிடுசிடுப்பான முகம். நான் அந்தம்மா காலைப் பிடித்துக்கொண்டேன். "டி.பி.யாம்மா?"

"டி.பி.யும் இல்ல, ஒண்ணும் இல்ல. நெஞ்சு சுத்தமா இருக்கு. எழுந்திரு முதல்ல. வீட்டில என்ன சாப்பிடறார்?"

டி.பி. இல்லை என்றதும் எனக்கு உயிர் வந்தது. உற்சாகமாக ஒன்று விடாமல் சொன்னேன். வெந்தயம், மோர், பழைய சோறு, சுரைக்காய், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். டாக்டரம்மா எழுதிக்கொண்டே வந்தவர் பாதியில் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"கறி? முட்டை? கடலை?"

"சூடுன்னு நிறுத்திட்டேம்மா. உள்ள நெருப்பு எரியுதுன்னு சொன்னாங்க."

"எரியத்தான் செய்யும்!" என்று கத்தினார். வார்டே திரும்பிப் பார்த்தது. பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க பாரும்மா. குளிர்ல நிக்கிறவன் உடம்பு சும்மா இருக்காது. உள்ள இருக்கிற சூடு வெளிய போய்க்கிட்டே இருக்கும், அதை ஈடு கட்டணும். தின்ன சோத்தை எரிக்கும், தோலுக்கு அடியில இருக்கிற கொழுப்பை எரிக்கும். நடுங்கறோம் இல்ல, அதுவே மூட்டை தூக்கற மாதிரி ஒரு வேலை. அதனாலதான் அவ்வளவு பசி. அது நோய் இல்ல, அடுப்பு. அந்த அடுப்புதான் அவரைக் காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு. நீ விறகைப் பிடுங்கிட்டு, மேல மோரையும் ஊத்தியிருக்கே. கொழுப்பு தீர்ந்துச்சு, சதையையும் தின்னுச்சு. நடுங்கக்கூட உடம்பில ஒண்ணும் இல்ல. அந்தக் கடைசி நிலைமையிலதான் குளிர்ல இருக்கிறவனுக்கு வெக்கையா இருக்கிற மாதிரி தோணும், துணியைக் கழட்டுவான்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். கழுத்தடிச் சூட்டைப் பற்றி எப்படியோ கேட்டுவிட்டேன். டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். பச்சைக் குழந்தைக்கு நடுங்கத் தெரியாது என்றும், அதற்காகக் கழுத்திலும் தோளெலும்புக்கு நடுவிலும் தனியாக ஒரு கொழுப்பு இருக்கும் என்றும், அது நடுங்காமலே எரிந்து சூடு கொடுக்கும் என்றும் சொன்னார். "பெரியவங்களுக்கு அது போயிடும்னுதான் நாங்க படிச்சிருக்கோம். இவருக்கு ஏன் அங்க சூடா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியல." பல வருஷம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன், பெரியவர்களில் சிலருக்கும் அந்தக் கொழுப்பு அதே இடத்தில் மிச்சம் இருக்கிறதாம், குளிரில் பழகினால் விழித்துக்கொள்ளுமாம். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சூடு தணிந்ததற்குத்தான் நான் மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்தேன்.

நர்சம்மா சூடான பாலில் சர்க்கரையும் முட்டையும் அடித்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். மெதுவாக ஸ்பூனால் கொடுக்கச் சொன்னாள். நான் கொண்டுபோனேன். முட்டை வாசனை மூக்கில் பட்டதும் அவர் தலை அந்தப் பக்கம் திரும்பியது. பல்லை இறுக்கிக்கொண்டார்.

"குடிய்யா. நான்தான் குடுக்கறேன். டாக்டரம்மா சொல்லிட்டாங்க, குடி."

உதடு மட்டும் அசைந்தது. குனிந்து காதை வைத்தேன். "புள்ள" என்றார்.

நினைவு பாதி இல்லாத மனுஷனுக்கு அது மட்டும் நினைவில் இருந்தது. டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன் குடிக்க மாட்டேங்கறார்? உள்ள போகலைன்னா கஷ்டம்மா," என்றார். அந்தக் குரலில் இருந்த அவசரம் என்னை உலுக்கிவிட்டது. பெண்ணா, புருஷனா என்று யாரோ என் முன்னால் வைத்துக் கேட்கிற மாதிரி இருந்தது. நான் நம்புகிறவள். இன்றைக்கும் நம்புகிறவள்தான். அந்தச் சத்தியம் வெறும் வாய்ப் பேச்சு என்று தள்ளிவிட எனக்குத் துணிச்சல் இல்லை. எங்கள் பெண் அக்கா மடியில் கிடப்பதும், அந்த உச்சிக்குழி துடிப்பதும் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

ஸ்பூனைக் கீழே வைத்தேன். கம்பளிக்குள் கையை விட்டு அவருடைய வலது கையைத் தேடி எடுத்தேன். கிடங்கில் கிடந்த உருளைக்கிழங்கு மாதிரி சில்லென்று, உயிரே இல்லாமல் இருந்தது. தரையில் முட்டி போட்டு அந்தக் கையை என் உச்சந்தலையில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"இதோ பாரு. அந்தச் சத்தியத்த புள்ள தலைலேர்ந்து எடுத்து எந் தலைல போட்டுட்டேன். கேக்குதாயா? வர்றது எனக்கு வரட்டும். அவளுக்கு ஒண்ணும் வராது. எந் தலைல வெச்சிட்ட இல்ல? இப்ப வாயத் தொற."

வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். அவர் விரல் என் தலைமுடிக்குள் கொஞ்சம் அசைந்தது. பிறகு வாயைத் திறந்தார்.

மூன்றாம் நாள் அவருக்கு நடுக்கம் திரும்பி வந்தது. கட்டில் கிடுகிடுவென்று ஆட நடுங்கினார். நான் அலறிக்கொண்டு ஓடினேன், டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "நல்லது, நடுங்கட்டும்," என்றார். இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். அக்கா வாசலில் நின்று அழுதாள், தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். அவளை நான் திட்டவில்லை. அவள் ஊதினாள், ஆடினது நான்தானே. கறிக்கடையில் கொழுப்பாகப் பார்த்துக் கேட்டு வாங்கினேன். கடலை வறுத்து வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்தேன். ஆவடியில் பழைய மிலிட்டரி சாமான் விற்கிற இடத்துக்கு நானே பஸ் ஏறிப் போய், முழங்காலுக்குக் கீழே இறங்குகிற ஒரு கம்பளிக் கோட்டு வாங்கி வந்தேன். ஆணிக் கீறல் போட்ட டம்ளரையும் தட்டையும் பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டேன்.

குழந்தையை மட்டும் அவர் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. டி.பி. இல்லை என்று தெரிந்த பிறகும் எங்கள் இருவருக்கும் அந்தத் தயக்கம் விலகவில்லை. அவர் தூர நின்று விரலைச் சொடுக்குவார், அது சிரிக்கும், அவ்வளவுதான்.

மாசி மாதம் மறுபடி வேலைக்குப் போனார். வேறு வழி? முதல் நாள் முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனையில் போய் நின்றேன். எஸ்டேட் சங்கு ஊதி அரை மணி ஆயிற்று. வந்தவர்கள் எல்லாம் அவர் இல்லை. கடைசியில் வெயில் இறங்குகிற நேரத்தில், மிலிட்டரி கோட்டை ஹேண்டில்பாரில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"இன்னாமே, ரோட்ல நின்னுகினு கீற?"

தெருவில் ஆள் இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் அவருடைய கையைத் தொட்டேன், ஐஸாக இருந்தது. காதைத் தொட்டேன், அதுவும் ஐஸ். பிறகு சட்டைக் காலருக்குள் கையை விட்டுக் கழுத்தடியில், அந்தக் குழியில் வைத்தேன். கணகணவென்று இருந்தது.

"துன்னியா?"

"நாலு வடை. ஒரு முட்டை. உன் கடலை உருண்டை மொத்தமும்."

அங்கேயே நின்று அழுதுவிட்டேன். எந்தச் சூட்டைப் பார்த்துப் பயந்து பிள்ளையை அவரிடமிருந்து பிடுங்கினேனோ, அதே சூடு. குழந்தையைத் தூக்கி அவர் தோளில் போட்டேன். அவருக்குப் பிடிக்கத் தெரியவில்லை, சைக்கிள் சரிந்தது, கை சில்லென்று படுமே என்று முழங்கையால் தாங்கிக்கொண்டார். குழந்தை கொஞ்சம் சிணுங்கிவிட்டு, முகத்தை அந்தக் கழுத்துக் குழிக்குள் திணித்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போயிற்று.